மிஷினைக் கழற்றும் முன் படத்தைப் பாருங்கள்: முப்பரிமாண அச்சில் வரும் கோளாறுகளுக்கு ஒரு வழிமுறை

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு மேற்கிலிருந்தும் வேலை வரும், கிழக்கிலிருந்தும் வரும். பாலக்காட்டிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்டோடு வருவார்கள். பொள்ளாச்சி கயிறு மில்காரர்களும், வேலந்தாவளத்தில் சொட்டுநீர் போட்ட விவசாயிகளும், கோவையில் பம்பு செய்பவர்களும் தேய்ந்த புஷ், உடைந்த கைப்பிடி, கடையில் கிடைக்காத பல்சக்கரம் என்று எதையாவது எடுத்து வருவார்கள். இப்போது சொந்தமாகவே பிரிண்டர் வாங்கியவர்கள் அதிகமாக வருகிறார்கள். பாழான துண்டு ஒன்றை மேசையில் வைத்துவிட்டு அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, மிஷின் கெட்டுப்போச்சுங்களா?"

"அது இருக்கட்டும் தம்பி, படத்தை முதல்ல காட்டு" என்பேன். படம் என்று நான் சொல்வது கணினியில் வரைந்த பாகத்தின் வரைபடத்தை. பெல்ட், மோட்டார், போர்டு என்று கழற்றி மாட்டிக் காசைக் கரைத்த பிறகு கோப்பைத் திறந்தால், கோளாறு அங்கே உட்கார்ந்திருக்கும். இதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு தலைப்பும் வருகிறவர்கள் சொல்லும் அறிகுறி. செலவில்லாத காரணம் முன்னால், செலவு வைக்கும் காரணம் பின்னால். அளவுகள் எல்லாம் 0.4 மி.மீ. நாசிலும் (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனை) 0.2 மி.மீ. அடுக்கும் கொண்ட, ஃபிலமென்டை (பிளாஸ்டிக் இழை) உருக்கி இழைக்கும் மிஷினுக்கானவை. ரெசின் மிஷினுக்கு இவை பொருந்தாது.

ஸ்லைசரில் திறந்தால் பொருளையே காணோம், அல்லது பெட்டைவிடப் பெரிதாக நிற்கிறது

ஸ்லைசர் என்பது படத்தை அடுக்கடுக்காக வெட்டி மிஷினுக்குக் கொடுக்கும் மென்பொருள், பெட் என்பது பொருள் அச்சாகும் தட்டு. ஸ்லைசருக்குக் கொடுக்கும் எஸ்டிஎல் கோப்பில் எண்கள்தான் இருக்கும், அவை மில்லிமீட்டரா அங்குலமா என்பது இருக்காது. உங்களுக்குத் தெரிந்த ஓர் அளவை எடுத்து, ஸ்லைசர் காட்டும் அளவால் வகுத்துப் பாருங்கள். 25.4 வந்தால் படம் அங்குலத்தில் போடப்பட்டது, 2540% என்று பெரிதாக்கினால் சரியாகிவிடும். 1000 வந்தால் மீட்டரில் போட்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லாமல் 1.07 போன்ற எண் வந்தால் யாரோ கண் அளவில் இழுத்துப் பெரிதாக்கிய கோப்பு அது. அதை நம்பாமல் பழைய பாகத்தில் வெர்னியர் வைத்து அளந்து புதிதாக வரையுங்கள். இனிமேல் 3எம்எஃப் வடிவத்தில் சேமியுங்கள், அதில் அலகும் சேர்ந்தே போகும். இதற்கு ஆளைக் கூப்பிட வேண்டியதே இல்லை.

திரையில் இருந்த சுவர் அச்சில் இல்லை

முதலில் சுவரின் கனத்தைப் பாருங்கள். 0.4 நாசில் போடும் ஒரு கோடு ஏறக்குறைய 0.45 மி.மீ. அகலம். அதற்குக் கீழே 0.3 மி.மீ. சுவர் வரைந்தால் ஸ்லைசர் அதை விட்டுவிடும். சுவரை 0.9 அல்லது 1.35 என்று கோட்டின் மடங்காக வையுங்கள். பழைய ஸ்லைசர் வைத்திருந்தால் புதுப்பியுங்கள். 2022-இல் வந்த க்யூரா 5.0, பிரூசாஸ்லைசர் 2.5 ஆகியவற்றிலிருந்து கோட்டின் அகலத்தைச் சுவருக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துப் போடும் முறை உண்டு. முன்பு விட்டுப்போன மெல்லிய சுவர்களில் பல அதில் வந்துவிடும்.

கனம் சரியாக இருந்தும் சுவர் வரவில்லை என்றால் மேற்பரப்பு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைசரில் எச்சரிக்கைக் குறி வந்தால் ஒருமுறை பழுதுநீக்கும் பொத்தானை அழுத்தலாம். அழுத்திவிட்டு அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வோர் அடுக்காக நகர்த்திப் பாருங்கள். ஓட்டையை அடைப்பதாக நினைத்து, போல்ட் போகும் துளையையும் அது அடைத்துவைத்த கோப்புகளைக் கண்டிருக்கிறேன்.

அதிலும் தீரவில்லை என்றால் படத்தில் இரண்டு தனி உடல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒட்டாமல் நிற்கின்றன என்று அர்த்தம். குறிப்பாக ஓர் ஓரக்கோட்டில் மட்டும் தொடும் இரண்டு பெட்டிகள். அவற்றை 0.1 மி.மீ. உள்ளே நுழைத்து ஒன்றாக இணையுங்கள். சிற்பம், முகம், ஸ்கேன் செய்த உருவம் போன்றவை ஆயிரம் இடத்தில் கிழிந்திருந்தால் நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம். மெஷ் வேலை (முக்கோணங்களால் ஆன மேற்பரப்பைத் திருத்துவது) தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வட்டம் வட்டமாக இல்லை, பட்டை பட்டையாகத் தெரிகிறது

மிஷினைத் தொடாதீர்கள். எஸ்டிஎல் ஏற்றுமதி செய்யும்போது தரத்தை மட்டமாக வைத்திருக்கிறீர்கள். 22 மி.மீ. துளையை 12 பக்கமாக வெட்டினால் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 21.25 மி.மீ.தான் இருக்கும், பேரிங் எப்படி நுழையும்? 36 பக்கமாக்கினால் 0.08 மி.மீ. குறைவோடு நிற்கும். ஏற்றுமதியில் கோண அளவை 5 டிகிரிக்கும், விலகலை 0.01 மி.மீ.க்கும் இறக்குங்கள். ஸ்லைசர் ஸ்டெப் கோப்பை (வளைவை வளைவாகவே வைத்திருக்கும் வடிவம்) ஏற்குமானால் இன்னும் நல்லது.

பட்டை இல்லை, ஆனால் வட்டம் முட்டை போல நீண்டிருக்கிறது என்றால் அது வேறு கோளாறு, படத்தில் இல்லை. பெல்ட் ஒன்று தளர்ந்திருக்கும், அல்லது மோட்டார் புல்லியில் இருக்கும் சிறு திருகு கழன்றிருக்கும். இரண்டுமே ஆலன் கீ வேலை.

ஷாஃப்ட் போகவில்லை, பேரிங் உட்காரவில்லை

எங்களிடம் வரும் புகார்களில் நேரம் அதிகம் எடுப்பது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வி: துளை முழுவதும் இறுக்கமா, அடியில் மட்டுமா? ஷாஃப்டைத் துண்டின் மேல் பக்கத்திலிருந்து விட்டுப் பாருங்கள். மேலே போய் அடியில் முட்டினால், பெட்டில் பதிந்த முதல் அடுக்கு நசுங்கி உள்பக்கம் பிதுங்கியிருக்கிறது. கத்தியால் ஓரத்தைச் சீவினால் அன்றைக்குத் தீர்ந்துவிடும். படத்தில் துளையின் அடிவாயில் 0.5 மி.மீ. சாய்வு வெட்டு கொடுத்துவிட்டால் அந்தப் பாகத்தில் அது திரும்ப வராது.

முழுவதும் இறுக்கம் என்றால், படத்தில் இடைவெளி விட்டீர்களா என்று பாருங்கள். 8 மி.மீ. ஷாஃப்டுக்கு 8 மி.மீ. துளை என்று வரைந்துவிட்டு வருகிறார்கள். லேத்திலேயே அப்படிச் செய்ய மாட்டார்கள். எங்கள் மிஷின்களில் நாங்கள் விடுவது: கையால் தள்ளி உட்கார வேண்டியதற்கு விட்டத்தில் 0.2, தடையில்லாமல் சுழல வேண்டியதற்கு 0.4. உங்கள் மிஷினில் இது கொஞ்சம் மாறும். 608 பேரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ. அதற்கு 22.0, 22.1, 22.2, 22.3 என்று நான்கு வளையங்களை 5 மி.மீ. உயரத்துக்கு மட்டும் அச்சிட்டு, எது பிடிக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். ஆறு மணி நேரம் ஓடும் முழுப் பாகத்தையும் மறுபடி மறுபடி அச்சிட்டு அளவு பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். படத்தில் பொருந்தும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து அச்சிட்டால் கால் மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

துளை படுக்கையாக இருக்கிறதா? அப்படியானால் மேல் வளைவு தொங்கிப்போய் இறுக்குகிறது. துளையின் தலையை 45 டிகிரி கூரையாக, நீர்த்துளி வடிவில் வரையுங்கள். ஷாஃப்ட் கீழ்ப் பாதியிலேயே தாங்கி நிற்கும், கூரை அதைத் தொடாது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் உரசுகிறதா? நாசில் ஒவ்வொரு சுற்றையும் தொடங்கி முடிக்கும் தழும்பு துளைக்குள் விழுந்திருக்கிறது. ஸ்லைசரில் அதை வெளி மூலைக்குத் தள்ளிவிடுங்கள்.

மரை விஷயத்தில் என் கருத்து உறுதியானது: எம்6-க்கும் அதற்குக் கீழும் மரையை அச்சிட வேண்டாம். எம்6 என்றால் 5 மி.மீ. துளை விட்டு டேப் போடுங்கள், அல்லது நட்டுக்குக் குழி விடுங்கள். எம்6 நட்டின் எதிர்ப்பக்க அளவு 10 மி.மீ., குழி 10.3 இருந்தால் தட்டி உட்காரவைக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வெளி அளவு, துளை அளவு எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்தால் அது பொருளின் சுருக்கம். பிஎல்ஏ, ஏபிஎஸ் என்பவை பிளாஸ்டிக் வகைகள். பிஎல்ஏ கொஞ்சம்தான் சுருங்கும். ஏபிஎஸ் 100 மி.மீ. நீளத்துக்கு அரை மி.மீ.யைத் தாண்டியும் சுருங்கும். ஸ்லைசரில் அந்தச் சதவீதத்தைக் கூட்டிவிடலாம்.

0.05 மி.மீ.க்குள் அளவு நிற்க வேண்டும் என்றால் அதற்கு மேல் பிரிண்டரோடு போராடுவது வீண். துளையை 0.5 மி.மீ. சிறிதாக அச்சிட்டு, டர்னரிடம் கொண்டுபோய் ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் கருவி) போட்டு வாங்குங்கள்.

மூலை தூக்கிக்கொள்கிறது

இந்த ஊரில் இதற்கு ஒரு காரணம் கூடுதலாக உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி நம் தலைமாட்டில்தான் இருக்கிறது. ஆடி மாதம் மேற்கிலிருந்தும், கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்தும் காற்று பிடுங்கி எடுக்கும். விருச்சிகக் காற்று என்று மலையாளத்தில் சொல்வது இந்தக் கிழக்குக் காற்றைத்தான். வைகாசியில் ஒட்டாத பிரச்சினையே இல்லாத மிஷின் ஆடியில் மூலை தூக்கினால், மிஷினில் எதுவும் மாறவில்லை, ஜன்னல்தான் திறந்திருக்கிறது. முதலில் ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

அடுத்து பெட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவி உலரவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வைத்த தலையைக் கோதிய கையால் பெட்டைத் தொட்டால், அந்த விரல் பட்ட இடத்தில் ஒட்டாது. பிஎல்ஏவுக்கு 60 டிகிரி, ஏபிஎஸ்ஸுக்கு 100 டிகிரிக்கு மேல் பெட் சூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை சரி என்றால் படத்துக்கு வாருங்கள். கூர்மூலையில்தான் இழுவிசை வந்து சேரும். அடித்தளத்தின் செங்குத்து மூலைகளை 5 மி.மீ. ஆரத்தில் வளைத்தாலே பாதிப் பாகங்கள் அடங்கிவிடும். மூலை கூராகத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு மூலையிலும் 15 மி.மீ. விட்டமும் 0.3 மி.மீ. கனமும் உள்ள ஒரு வட்டத் தகடு வரைந்து சேருங்கள். அச்சு முடிந்ததும் கிள்ளி எறியலாம். நீளமான கனத்த அடித்தளத்தை ஒரே பாளமாக வரையாமல் நடுவில் துளைகள் விட்டுக் குறையுங்கள்.

ஏபிஎஸ்ஸுக்கு இதெல்லாம் போதாது, மிஷினைச் சுற்றி மூடிய பெட்டி வேண்டும். பெட்டி போட்டும் எப்போதும் ஒரே மூலைதான் தூக்குகிறது என்றால் பெட் தகடு கோணியிருக்கலாம். இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் தகடு மாற்ற வேண்டும். செலவுக்குரிய காரணம் இது ஒன்றுதான்.

அடுக்கு அடுக்காகப் பிளந்து வருகிறது

உடைந்த துண்டை வெளிச்சத்தில் பாருங்கள். முறிவு அடுக்குக் கோட்டோடு நேராகப் போயிருந்தால் பாகத்தை நிறுத்திய விதம் தவறு. கொக்கியை நிற்க வைத்து அச்சிட்டால், சுமை அடுக்குகளைப் பிரித்து இழுக்கும். படுக்க வைத்தால் இழை நெடுக சுமை போகும். அந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கும்.

உள்மூலையில் உடைந்திருந்தால் அங்கே 3 மி.மீ. வளைவு கொடுங்கள். "நிரப்பை 80% ஆக்கிட்டேன், அப்பவும் உடையுதுங்க" என்பவர்கள் நிறைய. நிரப்பை (பாகத்தின் உள்ளே நிரப்பும் அடர்த்தி) 25% ஆக இறக்கி, சுவரை 2 சுற்றிலிருந்து 5 சுற்றாக ஏற்றிப் பாருங்கள். பாகம் வளையும்போது பாரத்தைத் தாங்குவது தோல்.

எல்லா இடத்திலும் கையால் உரிக்கும் அளவுக்குப் பிளந்தால் ஃபிலமென்ட் ஈரம் குடித்திருக்கிறது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் எங்களுக்கு இந்த வேலைதான். நாசிலில் 'பட் பட்' என்று கடுகு பொரியும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். பிஎல்ஏவை 45-50, பெட்ஜி (PETG) பிளாஸ்டிக்கை 65 டிகிரியில் ஆறு மணி நேரம் உலர்த்துங்கள். நைலானுக்கு 70-80 டிகிரியில் ஓர் இரவு முழுக்க வேண்டும். வெயிலில் வைத்து எடுப்பது போதாது. உலர்ந்ததும் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள்.

உலர்த்தியும் பிளந்தால் நாசில் சூட்டை 10 டிகிரி ஏற்றிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் நாசில் தேய்ந்திருக்கும் அல்லது பாதி அடைத்திருக்கும். பித்தளை நாசில் விலை குறைவு, மாற்றிவிடுங்கள். கார்பன் இழை கலந்த ஃபிலமென்ட் ஓட்டுபவர்கள் கடினப்படுத்திய எஃகு நாசிலுக்கே போங்கள்.

அடிப்பக்கம் தொங்கித் தாறுமாறாக இருக்கிறது

45 டிகிரிக்கு மேல் வெளியே சாயும் பகுதி தாங்கல் இல்லாமல் நிற்காது. கீழ்ப்பக்க ஓரத்தில் வட்ட வளைவு கொடுத்திருந்தால் அதை 45 டிகிரி சாய்வாக மாற்றுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் பாகத்தை இரண்டாகப் பிரித்து, ஆணிக்குழி வைத்து ஒட்டுங்கள்.

பிரிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை. அதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. 2024 மே மாதம் இஸ்ரோ மகேந்திரகிரியில் அச்சிட்ட பிஎஸ்4 எஞ்சினை (பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சின்) 665 விநாடி எரித்துச் சோதித்தது. 14 பாகங்கள் ஒன்றாகி, 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. அதே மாதக் கடைசியில் சென்னை அக்னிகுல், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டை ஏவியது. இதைப் படித்துவிட்டுத்தான் எல்லாவற்றையும் ஒரே துண்டாக வரைந்து வருகிறார்கள். அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இஸ்ரோ செய்தது உலோகப் பொடியை லேசரால் உருக்கும் முறை. நம் மேசை மேல் இருக்கும் மிஷினுக்குப் பிரித்து வரைவதுதான் வலு, ஒவ்வொரு துண்டையும் அதற்கேற்ற திசையில் படுக்க வைக்கலாம் என்பதால்.

ஓர் அளவை மாற்றினால் மொத்தப் படமும் சிவப்பாகிறது

அச்சுக்கு முந்திய கோளாறு இது, ஆனால் இதனால் கைவிட்ட வேலைகள் அதிகம். வரைந்த படிகளைக் காட்டும் மர வரிசையில் முதல் சிவப்புக் குறி எது என்று பாருங்கள். அதை மட்டும் சரிசெய்தால் கீழே உள்ளவை தாமாகத் தெளியும். ஸ்கெட்சில் கட்டப்படாத கோடு இருந்தால் அளவு போட்டுக் கட்டுங்கள். மூலை வளைவுகளை நடுவில் போட்டிருந்தால் எடுத்துவிட்டுக் கடைசியில் போடுங்கள். புது ஸ்கெட்சை ஒரு முகத்தின் மேல் ஒட்டாமல் அடிப்படைத் தளத்திலிருந்து அளவு வைத்து வரையுங்கள். ஃப்ரீகேட் (இலவச வரைபட மென்பொருள்) பழைய பதிப்பு என்றால் 2024 நவம்பரில் வந்த 1.0-க்கோ அதற்குப் பிந்தியதற்கோ மாறுங்கள். முகங்களின் பெயர் குழம்பும் பழைய தொல்லை அதில் பெரிதும் குறைந்திருக்கிறது.

நன்றாக இருந்தது, மாட்டிய பிறகு வளைந்துவிட்டது

தகரக் கூரை போட்ட பம்பு ஷெட்டா? பங்குனி, சித்திரையில் இங்கே வெளியிலேயே 40 டிகிரி தாண்டும். பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். அதே படத்தைப் பெட்ஜியில் அச்சிடுங்கள். நாள் முழுக்க வெயில் படும் இடம் என்றால் ஏஎஸ்ஏ (ASA) பிளாஸ்டிக்.

பாதியில் நிற்கிறது, அடுக்கு நகர்ந்துவிட்டது, கருகல் வாசம் வருகிறது

நின்ற நேரம் கரண்ட் போன நேரமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். மழைக்காலத்தில் நீண்ட அச்சுக்கு யூபிஎஸ் வேண்டும். அடுக்கு ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் தூக்கிய மூலையில் நாசில் இடித்திருக்கும், மேலே மூலைப் பகுதிக்குப் போங்கள்.

சூடு தறிகெட்டது என்ற பிழைச் செய்தி வந்தாலோ, வயர் முனை பழுப்பாகத் தெரிந்தாலோ, கருகல் வாசம் வந்தாலோ சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது. ஈயம் வைத்த வயர் முனையைத் திருகில் இறுக்கியிருந்தால் அது நாளாக ஆக இளகிச் சூடேறும். பவர் சப்ளை பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள், எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரை அழையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வேலையில் உடைகிறது

அந்தப் பாகம் பிளாஸ்டிக்கில் செய்யக் கூடியதே இல்லையோ என்று கேட்க வேண்டிய இடம் இது. இடைவிடாமல் ஓடும் பல்சக்கரம் என்றால் பொடியை உருக்கிச் செய்யும் நைலானுக்குக் கோவையில் கொடுக்கலாம், உங்கள் ஸ்டெப் கோப்பே போதும். பிரேக், கேஸ் இணைப்பு, ஆளைத் தாங்கும் எதுவானாலும் நாங்கள் அச்சிடுவதில்லை.

போன வருடம் தென்னை ஏறும் மிஷினின் உடைந்த கவ்வியோடு ஒருவர் வந்தார். "மேல ஏறி நிக்கிறப்ப இதுதாங்க என்னைப் புடிக்குது, ரெண்டு நாள்ல வேணும்" என்றார். படம் வரைந்தேன், பிஎல்ஏவில் ஒன்று அச்சிட்டேன், தரையில் வைத்து அளவு மட்டும் பார்த்தோம். துளை இரண்டு மி.மீ. தள்ளியிருந்தது, திருத்தினேன். பிறகு அச்சிட்டதை என் மேசையிலேயே வைத்துக்கொண்டு, படத்தை டிஎக்ஸ்எஃப் ஆக்கி லேசர் கட்டிங்குக்கு அனுப்பினேன். பழைய கவ்வியின் கனத்திலேயே இரும்புத் தகட்டில் வெட்டி வந்தது. வளைவையும் வெல்டிங்கையும் வேலந்தாவளத்தில் செய்து மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டு போனார்.